மானிப்பாய் வைத்தியசாலையும் தமிழில் மருத்துவக் கல்வியும்

இலங்கையில் மேலைத்தேய மருத்துவக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர், 1870ஆம் ஆண்டிற் கொழும்பில் மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டதையே பெரும்பாலும் அதன் தொடக்கமாகக் கொள்வர். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே, யாழ்ப்பாண நகருக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில், அரசின் கையிலில்லாத ஒரு வைத்தியசாலை மாணவரைச் சேர்த்து மருத்துவம் பயிற்றத் தொடங்கிவிட்டது. இன்று கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என வழங்கும் அந்நிறுவனத்தின் வரலாறு, நோய் தீர்த்தலின் வரலாறு மட்டுமன்று. எம்மொழியில் அறிவு வழங்கப்படுகின்றது என்பதும் அவ்வறிவு யாரிடம் சென்று சேருகின்றது என்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு அது சான்றாகும்.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். மருத்துவப் பணியை அவர்கள் சமயப் பரப்பலுக்குத் துணையாகவே கருதினர் என்பதை மறுத்தற்கில்லை. 1820ஆம் ஆண்டளவில் யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருக்கும் அவர்பின் வந்த நேதன் வார்ட்டுக்கும் பின்னர், 1847இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் மஸச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரிற் பிறந்த இவர், 1845இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1848இல் மானிப்பாயைத் தம் நிலையமாக்கிக்கொண்ட கிறீன், அவ்வாண்டிலேயே மருத்துவ வகுப்பையும் ஆரம்பித்தார்.

தொடக்கத்தில் போதனாமொழி ஆங்கிலமாகவே இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்று வெளியேறிய இளைஞர் இருந்தமையால் இதில் இடர்ப்பாடு தோன்றவில்லை. ஆனால் விளைவு வேறாயிற்று. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றோரை அரச சேவையும் நகர வாழ்வும் ஈர்த்தன. கிராமத்து நோயாளி முன்போலவே நின்றான். செமினரியும் ஏறத்தாழ இதையொத்த குறைபாட்டுக்கு இலக்காகி 1855இல் மூடப்பட்டது. 1857இல் நாடு திரும்பி 1862இல் மீண்டும் வந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் போதிக்கலானார். தம் மாணவர் தம் ஊரிலேயே தங்கி, தம் மக்களின் மொழியிற் பேசி மருத்துவம் செய்ய வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவரிடம் பயின்றோர் 60 பேருக்கு மேற்பட்டவராவர்.

போதனைமொழியை மாற்றினால் பாடநூல் வேண்டும். கிறீனும் அவருடைய தமிழ் மாணவரும் இணைந்து அக்காலத்து மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம், இந்து பதார்த்த சாரம் ஆகியன அவற்றுட் சில. மனுஷ அங்காதிபாதம் கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவியது. இந்து பதார்த்த சாரத்துக்கு மூலமாக, இந்திய மருந்துகளை விவரிக்கும் வாரிங்கின் நூல் கொள்ளப்பட்டமை கவனிக்கத்தக்கது. உள்ளூரிற் கிடைக்கும் மருந்துகளை விட்டுக் கிராமத்து மருத்துவம் நடவாது.

இந்நூற் பெயர்களே மொழிபெயர்ப்பாளரின் வழியைக் காட்டுகின்றன. உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்றும், உடற்றொழிலியலுக்குச் சுகரணம் என்றும் வடமொழிவழிச் சொற்கள் ஆளப்பட்டன. இரசாயனவியலோ ஆங்கிலச் சொல்லின் ஒலியைத் தழுவிக் கெமிஸ்தமாயிற்று. இச்சொற்களுட் பல இன்று வழக்கிழந்துவிட்டன. எனினும் அவை பிழையானவை என்பதனால் அவ்வாறு நிகழவில்லை. கலைச்சொல் அகராதியால் வாழ்வதன்று; வகுப்பறையில் ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்பதனாலேயே வாழ்வது.

மானிப்பாய் முயற்சியின் வலிமையும் மெலிவும் இங்கேயே வெளிப்படுகின்றன. அரச கட்டுப்பாடு இல்லாமையால், போதனைமொழியைத் துணிந்து மாற்ற அத்தனியார் நிறுவனத்தால் இயன்றது. ஆனால் அம்மாற்றம் பெரிதும் ஒரு மனிதரின் உறுதியையே தாங்கி நின்றது. 1873இற் கிறீன் ஊர் திரும்பிய பின் தமிழ் மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. வூஸ்ரரிலிருந்தவாறே 1884இல் இறக்கும்வரை அவர் நூற்பணியைத் தொடர்ந்தார். இந்து பதார்த்த சாரம் 1888இல் வெளிவந்தபோது, அதைப் பாடநூலாகக் கைக்கொள்ள மானிப்பாயில் அவ்வகுப்பு இருக்கவில்லை. நூல் வளர்ந்தது, அதைக் கற்கும் இடம் மறைந்தது.

வைத்தியசாலை நின்று நிலைத்தது. 1893இல் மருத்துவத் தம்பதியரான ஸ்கொட் இருவரும் வந்து அதற்குப் புத்துயிரளித்தனர். 1898இற் பெண்களுக்கும் சிறாருக்குமென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் இவை அதன் யாழ்ப்பாண ஆதீனத்தைச் சார்ந்தன. பிற்காலப் போரின் இடர்களையும் கடந்து மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் இயங்குகின்றது.

1960களில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கலைப்பாடங்கள் தமிழிற் போதிக்கப்படலாயின. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தோன்றியபோதோ ஆங்கிலமே போதனாமொழியாயிற்று. உலக மருத்துவத்தோடு தொடர்பு அறாதிருத்தற்கு இது தேவை என்பர், அக்கூற்றிலும் நியாயமுண்டு. ஆயினும் தமிழில் மருத்துவம் கற்பித்தல் இயலாது என்ற கூற்றை மானிப்பாய் வரலாறு ஏற்காது. அது இயன்றது, நடந்தது, மருத்துவரையும் உருவாக்கியது. இல்லாதிருந்தது மொழியின் ஆற்றலன்று, அதனைத் தொடர்ந்து தாங்கும் நிறுவனமே.