சிக்கிக்கொண்ட தோட்டா

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு பாயிண்ட் டூ டூ துப்பாக்கி நினைவிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், குப்புறப் படுக்கவைத்து, ஆளுக்கு ஐந்து தோட்டா எண்ணிக் கொடுப்பார்கள். சுட்டபின் போல்ட்டைக் கையால் இழுத்துக் காலிக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததை நாமே போட வேண்டும். சிக்கினாலும் கை இழுத்துவிடும். அதே தோட்டாவைத் தானே தள்ளித் தானே மாட்டிக்கொள்ளும் ரைஃபிளை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு வயது அறுபத்தெட்டு.

ஒஹாயோவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்த சமயம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் கோவை நூல் மில்லில் முப்பத்துநாலு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன். இயந்திரம் என்று ஒரு பேச்சு கிடைத்துவிட்டால் எங்கள் இருவருக்கும் பொழுது போவது தெரியாது. ஒரு நாள் அவர் தன் தகப்பனாரின் ரைஃபிளைக் கொண்டுவந்து கராஜ் மேஜையில் வைத்தார். வின்செஸ்டர் மாடல் 63. அடுத்த மாதம் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். ரைஃபிளைப் பேத்திக்குக் கொடுக்க ஆசை. ஆனால் மூன்று முறை சுட்டால் ஒரு முறை சிக்குகிறது. கடையில் காட்டினாராம். "சுவரில் மாட்டி அழகு பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைச் சொன்னபோது அவர் முகம் சரியாக இல்லை.

"அப்பா, விசிட்டர் விசாவுல வந்தவங்க துப்பாக்கியக் கையிலயே எடுக்கக் கூடாது, இங்க சட்டம் அப்படி" என்று மகள் முன்பே எச்சரித்திருந்தாள். அதனால் நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் மட்டுமே ரிப்பேர் பார்த்தேன். கை எல்லாம் அவருடையது.

இந்த ரைஃபிளின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. வின்செஸ்டர் கம்பெனிக்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் துப்பாக்கிகளை வடிவமைத்துக் கொடுத்தவர் ஜான் பிரௌனிங். தானியங்கி ஷாட்கன் ஒன்றைச் செய்துவிட்டு, இந்த முறை மொத்தத் தொகை வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்டி கொடுங்கள் என்றார். கம்பெனி மறுத்தது. 1902-ல் அவர் விலகி பெல்ஜியம் போனார். மிச்சமிருந்த வேலை கம்பெனியின் சொந்த வடிவமைப்பாளர் தாமஸ் கிராஸ்லி ஜான்சன் தலையில் விழுந்தது. பிரௌனிங்கின் காப்புரிமைகளைத் தொடாமல் தானியங்கித் துப்பாக்கி செய்ய வேண்டும். அவர் .22-க்குக் கண்ட வழி எளிமையானது. போல்ட்டைப் பூட்டவே வேண்டாம், கனமாக வைத்தால் போதும். அந்தக் கனத்தின் ஒரு பகுதியை முன்கைப்பிடிக் கட்டைக்குள் நீட்டி ஒளித்துவைத்தார். அதுதான் 1903-ஆம் வருஷத்து மாடல்.

இதன் வேலை இவ்வளவுதான். 2.6 கிராம் ஈயக்குண்டு முன்னால் பாய்கிறது. அதே அழுத்தம் காலிக்கூட்டின் வழியாகப் போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. கூட்டை உருவி எறிவது, சுத்தியலை நிமிர்த்துவது, ஸ்பிரிங்கை அமுக்குவது எல்லாமே அந்த ஒரு தள்ளலில் நடந்தாக வேண்டும். பிறகு ஸ்பிரிங் போல்ட்டைத் திருப்பி அனுப்பும்போது அடுத்த தோட்டா உள்ளே போகிறது. குண்டின் வேகம், போல்ட்டின் கனம், ஸ்பிரிங்கின் பலம் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஓடும். இதில் மிச்சசொச்சம் கிடையாது. ஒரு துளி பிசுக்கு போதும், கணக்கு உதைக்கும்.

1903-ல் இருந்த பெரிய தலைவலி கரிமருந்து. சாதாரண .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-ல் வந்தது, அதில் கரிமருந்துதான். நாலு சுற்றுச் சுட்டாலே கசடு அப்பிக்கொள்ளும். புகையில்லா மருந்து வந்துவிட்டாலும் கடைகளில் இரண்டும் கலந்து கிடந்தன. வாங்குகிறவன் எதைப் போடுவான் என்று யார் கண்டார்கள்? ஆகவே கம்பெனி, வேறு .22 எதற்கும் பொருந்தாத, அரை மில்லிமீட்டருக்கு மேல் பருமன் கூடிய ஒரு தனித்தோட்டாவையே இந்த மாடலுக்காக உண்டாக்கியது. அதில் புகையில்லா மருந்து மட்டும்தான். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் வாங்கியவன் காலத்துக்கும் அந்த ஒரே தோட்டாவுக்கு அடிமை. பின்னாளில் அது அரிதாகிப் போனபோது, நல்ல நிலையில் இருந்த எத்தனையோ ரைஃபிள்கள் பரணுக்குப் போயின.

அது ஓடும்போது எப்படி ஓடியது என்பதற்கும் சாட்சி உண்டு. 1907 டிசம்பரில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஆட் டோப்பர்வைன் என்பவர் இந்த மாடலைக் கொண்டு, மேலே எறிந்த மரக்கட்டைகளைப் பத்து நாள் சுட்டார். 72,500 கட்டைகளில் தவறியது ஒன்பதுதான். குறியைவிட எனக்கு வியப்பு, அத்தனை ஆயிரம் தடவை அந்தப் போல்ட் போய்த் திரும்பியதில்தான்.

1930-ல் ரெமிங்டன் அதிவேக .22 தோட்டாவைக் கொண்டுவர, மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. கரிமருந்துப் பயம் போய்விட்டது. ஜான்சனின் பழைய வடிவத்தையே சாதாரண .22 லாங் ரைஃபிளுக்கு மாற்றி, 1933-ல் மாடல் 63 என்று விட்டார்கள். 1958 வரை ஓடியது. கராஜ் மேஜையில் கிடந்தது அந்த வம்சம்.

முதலில், உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்யச் சொன்னேன். இதன் தோட்டாக்குழாய் பின்கட்டைக்குள் இருக்கிறது. காலி என்று நினைத்தால் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். குழாயை முழுக்க உருவி, டார்ச் அடித்துப் பார்த்தோம். அதன்பின் எப்படிச் சிக்குகிறது என்று கேட்டேன். இதைக் கேட்காமல் எந்த இயந்திரத்தையும் கழற்றக் கூடாது. ஊசி குத்தியும் வெடிக்கவில்லை என்றால் அது வேறு நோய். கூடு அறையிலேயே ஒட்டிக்கொண்டால் வேறு. இவருக்குக் காலிக்கூடு பாதி வெளியே வந்து, மூடும் போல்ட்டின் வாயில் புகைபோக்கி மாதிரி நின்றது. ஆக, தள்ளல் இருக்கிறது, ஆனால் போல்ட் முழுத்தூரம் போவதில்லை.

பின்பக்கத் திருகைக் கழற்றியதும் ரைஃபிள் இரண்டாகப் பிரிந்தது. எனக்கு மில் வாசனையே வந்துவிட்டது. "அப்பா வருஷம் தவறாமல் எண்ணெய் போடுவார், நானும் போடுகிறேன்" என்றார் பெருமையாக. போட்டிருக்கிறார்கள், எழுபது வருஷமாக, துடைக்காமல். எண்ணெயும் கரியும் தோட்டா மெழுகும் சேர்ந்து, போல்ட் ஓடும் பாதை முழுக்க அரக்கு மாதிரி இறுகியிருந்தது. ரிங் ஃபிரேமில் பஞ்சுத்தூசும் எண்ணெயும் கலந்து இப்படித்தான் உறையும். புது ஆட்கள் அதன் மேலேயே இன்னும் எண்ணெய் விடுவார்கள்.

மண்ணெண்ணெயில் இரவு முழுக்க ஊறவைத்தார். காலையில் பித்தளைப் பிரஷ்ஷால் அறையையும், பல்குச்சியால் கூட்டை இழுக்கும் கொக்கியின் அடியையும் சுரண்டினார். அறையின் விளிம்பில் ஊசி அடித்த வடு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னேன். தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டுப் பழகினால் விளிம்புத்தோட்டாத் துப்பாக்கியில் அங்கே பள்ளம் விழும், பிறகு கூடு வெளியே வராது. வடு இல்லை. எல்லாவற்றையும் துடைத்தபின் மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

அன்று மாலையே ரேஞ்சுக்குப் போய்விட்டு வந்தார். பத்துக்கு இரண்டு இன்னும் சிக்குகிறது என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தோட்டாப் பெட்டி கண்ணில் பட்டது. வேகம் குறைந்த இலக்குத் தோட்டா. சத்தம் குறைவு, காதுக்கு இதம் என்று வாங்கியிருந்தார். குழலின் மேல் என்ன பொறித்திருக்கிறது, படியுங்கள் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். .22 லாங் ரைஃபிள், சூப்பர் ஸ்பீட், சூப்பர் எக்ஸ். அதிவேகத் தோட்டாதான் வேண்டும் என்று அவர் தகப்பனார் காலத்திலேயே இரும்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை பேத்தியையும் அழைத்துக்கொண்டு போனோம். நான் கோட்டுக்குப் பின்னால் பெஞ்சில். அந்தப் பெண் நிதானமாகச் சுட்டாள். பெரியவர் குண்டு போன இடத்தைப் பார்க்கவில்லை, தரையில் விழும் கூடுகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பத்தும் விழுந்தன. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், இன்னும் சூடாக இருந்தது. ஊருக்குக் கொண்டுவர ஆசைதான். விமான நிலையத்தில் வம்பு வேண்டாம் என்று மகள் வாங்கி வைத்துக்கொண்டாள்.