ஒரே மேசையில் கூடியவர்கள்: போட்டிச் சட்டமும் சுற்றாடலும்

தமிழில் 'போட்டி' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. பேச்சு வழக்கில் 'போட்டியும் பொறாமையும்' என்று சோடியாகத்தான் அதைச் சொல்கிறோம். வர்த்தகச் சட்டத்திலோ போட்டி ஒரு காவல்காரன். விற்கிறவர்கள் தங்களுக்குள் முட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் வாங்குகிறவன் தப்பிப் பிழைப்பான், அவர்கள் கைகோத்துவிட்டால் அவன் பாடு திண்டாட்டம் என்பது அதன் கணக்கு. விலை ஏறட்டும் என்று சரக்கைப் பதுக்கும் இஹ்திகார் பற்றி ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பயம் புதிதல்ல. ஆனால் பதுக்குகிறவன் தனியாளாகவும் இருக்கலாம். பலர் கூடிப் பேசி எடுக்கும் முடிவின் மேல்தான் நவீன போட்டிச் சட்டத்துக்குக் கண் அதிகம்.

1957இல் கையெழுத்தான உரோம் உடன்படிக்கையின் 85ஆவது உறுப்புரை (இன்று அதன் இலக்கம் 101) போட்டியைக் கெடுக்கும் இணக்கங்களைத் தடைசெய்தது. அதன் மூன்றாம் பந்தியில் மட்டும் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. இணக்கத்தால் உற்பத்தியோ தொழில்நுட்பமோ மேம்பட்டு, அந்த நன்மையில் நியாயமான பங்கு பாவனையாளருக்குக் கிடைக்குமானால், வேறு சில நிபந்தனைகளோடு விதிவிலக்குக் கொடுக்கலாம். சுற்றாடல் என்ற சொல் அந்த உறுப்புரையில் எங்குமே இல்லை. அப்படியானால் ஆற்றையோ காற்றையோ காப்பாற்றுவதற்காகக் கம்பனிகள் கூடிப் பேசினால் அது குற்றமா, நன்மையா? 'பாவனையாளர்' என்பது யார்? நான் சட்டத்தரணி அல்ல, தமிழ் படிப்பிக்கிறவன். ஆனால் இந்த இரண்டாவது கேள்வி ஒரு சொல்லின் பொருள் பற்றியது. அதனால்தான் இதற்குள் இறங்கினேன்.

முதலில் வந்தது சலவை இயந்திரம். ஐரோப்பியச் சந்தையில் 90%க்கும் மேலான இயந்திரங்களை விற்ற உற்பத்தியாளர்கள், மின்சாரத்தை அதிகம் குடிக்கும் ரகங்களைச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் நிறுத்துவதாகத் தங்கள் சங்கத்தின் ஊடாக உடன்பட்டார்கள். ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருடைய மலிவு வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், அதனால் எல்லோரும் சேர்ந்து நிறுத்துவோம் என்பது அவர்கள் நியாயம். மலிவான ரகங்கள் மறைவதால் தெரிவு குறையும், விலையும் சற்று ஏறும். போட்டி கெடுகிறது என்பதை ஐரோப்பிய ஆணைக்குழு ஒப்புக்கொண்டுதான் விதிவிலக்கு வழங்கியது. 2000ஆம் ஆண்டில் வெளியான அந்தத் தீர்மானத்தில் ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. கொள்வனவுச் செலவு எவ்வளவு கூடுகிறதோ, அதைப்போல ஏழு மடங்குக்கும் மேலான நன்மை சமூகத்துக்குக் கிடைக்கும் என்றது ஆணைக்குழு. இயந்திரம் வாங்கியவருக்குத் தனிப்பட எந்த இலாபமும் கிடைக்காவிட்டாலும்கூட அது போதும் என்றும் சொன்னது. இங்கே 'பாவனையாளர்' என்ற சொல் ஊர் முழுவதையும் அணைத்துக்கொண்டது. 2001இல் வந்த வழிகாட்டல்களில் சுற்றாடல் இணக்கங்களுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கினார்கள்.

இயந்திரத்துக்கு அடுத்து அதற்குள் போடும் தூளுக்கு வருவோம். சலவைத்தூளைச் செறிவாக்கிப் பொதியையும் சிறிதாக்கினால் மூலப்பொருள் மிச்சம், குப்பையும் குறைவு. இதற்காகக் கைத்தொழிற் சங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம்தான். அதை நடைமுறைப்படுத்தக் கூடிய இடத்திலேயே ஹென்கல், ப்ரொக்டர் அண்ட் கேம்பிள், யுனிலீவர் ஆகிய மூவரும் இன்னொரு கதையையும் பேசி முடித்தார்கள். பொதி சிறிதாகும், ஆனால் விலையைக் குறைக்கக் கூடாது! 2002இலிருந்து 2005 வரை எட்டு நாடுகளில் இது நடந்தது. ஹென்கல் முந்திப்போய் உண்மையைச் சொன்னதால் அதற்குத் தண்டம் இல்லை. மற்ற இருவருக்கும் 2011 ஏப்ரலில் மொத்தம் 315.2 மில்லியன் யூரோ விழுந்தது. சங்கத்தின் சுற்றாடல் திட்டத்துக்கு இந்த விலைப் பேச்சு தேவைப்படவே இல்லை என்பதையும் ஆணைக்குழு சுட்டிக்காட்டியது.

அடுத்தது இதைவிட மோசம் என்பேன். டீசல் வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்க 'அட்புளூ' என்ற யூரியாக் கரைசல் பாவிக்கப்படுகிறது. அதற்கான தாங்கி எவ்வளவு பெரியது, ஒரு முறை நிரப்பினால் எவ்வளவு தூரம் ஓடும் என்பவற்றை டைம்லர், பி.எம்.டபிள்யூ, வொக்ஸ்வேகன் குழுமம் ஆகியன 2009 முதல் 2014 வரை தமக்குள் பேசிக்கொண்டன. சட்டம் கேட்கும் அளவுக்கு மேலாகப் புகையைச் சுத்திகரிக்க இயலுமாக இருந்தும், அதில் எவரும் முந்துவதில்லை என்று விளங்கிக்கொண்டன. விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் 2021 ஜூலையில் வொக்ஸ்வேகனுக்கும் பி.எம்.டபிள்யூவுக்கும் சேர்த்து 875 மில்லியன் யூரோ தண்டம். இங்கேயும் காட்டிக்கொடுத்த டைம்லர் தப்பியது. தொழில்நுட்ப வளர்ச்சியை மட்டுப்படுத்தியதை மட்டுமே காரணமாக வைத்து ஆணைக்குழு ஒரு கூட்டுச்சதியைத் தண்டித்தது அதுவே முதற்தடவை. கவனிக்க வேண்டிய இன்னொன்று: அட்புளூ ஊற்றும் வாயை எல்லா வாகனங்களுக்கும் ஒரே அளவாக அமைக்கப் பேசியதில் பிழை இல்லை என்றும் ஆணைக்குழு அறிவித்தது. அதே ஆட்கள், அதே மேசை. ஒரு பேச்சு ஆகும், மற்றது ஆகாது.

கம்பனிகள் 'சூழலுக்காகக் கூடினோம்' என்று சொல்லும்போது சட்டம் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு என்பதற்கு இந்த இரண்டும் போதும். ஆனால் அந்தச் சந்தேகம் மறுபக்கம் முற்றிப்போன கதையும் இருக்கிறது.

நெதர்லாந்தில் 2013இல் சுப்பர் மார்க்கட்டுகளும் கோழி வளர்ப்போரும் இறைச்சி பதனிடுவோரும் 'நாளைய கோழி' என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கொஞ்சம் மெதுவாக வளரும் இனம், கொஞ்சம் கூடுதலான இடம், கூடுதல் நேரம் உறங்க இருட்டு. 2020இலிருந்து சுப்பர் மார்க்கட்டுகளில் அந்தக் கோழி மட்டுமே விற்கப்படும். போட்டி அதிகாரசபை இதை ஆராய்ந்து 2015 ஜனவரியில் ஆகாது என்றது. அவர்களின் கணக்குப்படி மக்கள் இந்த மேம்பாடுகளுக்காகக் கிலோவுக்கு 82 சதம் கூடுதலாகக் கொடுக்கத் தயார், ஆகும் மேலதிகச் செலவோ 1.46 யூரோ. கழித்துப் பார்த்தால் நட்டம்.

ஒரு பிராணியின் சுகத்தை, அதைத் தின்னப்போகிறவரின் பணப்பையால் அளக்கும் இந்த முறை எனக்கு இன்றுவரை செமிக்கவில்லை. ஆனாலும் வரலாறு ஒரு திருப்பம் காட்டியது. 2020இல் அதே அதிகாரசபை மீண்டும் பார்த்தபோது, சுப்பர் மார்க்கட்டுகள் ஒன்றையொன்று முந்தும் ஆசையில், கைவிடப்பட்ட உடன்பாட்டின் தரத்தையும் தாண்டிய கோழியை விற்றுக்கொண்டிருந்தன. கூட்டு செய்ய முடியாததைப் போட்டி செய்துவிட்டது என்று அதிகாரசபை சந்தோஷப்பட்டிருக்கும். அந்த உடன்பாடு பற்றிய பகிரங்க விவாதமும் அதற்கொரு காரணம் இல்லையா என்று நான் கேட்பேன்.

சலவை இயந்திரத்துக்கும் கோழிக்கும் இடையில் 'பாவனையாளர்' என்ற சொல் சுருங்கியிருந்தது. 2004இன் வழிகாட்டல்கள் குறித்த சந்தையில் வாங்குகிறவர்களை மட்டுமே கணக்கில் எடுக்கச் சொல்லின. 2011இல் வந்த புதிய வழிகாட்டல்களில் சுற்றாடல் அத்தியாயமே காணாமல் போனது. அதன்பின் ஒஸ்திரியா 2021இல் தன் சட்டத்தைத் திருத்தி, சூழலுக்கு இசைவான பொருளாதாரத்துக்கு ஓர் இணக்கம் கணிசமாக உதவினால் பாவனையாளருக்கு அவர்களின் பங்கு கிடைத்துவிட்டதாகவே கொள்ளலாம் என்றது. ஐரோப்பிய ஆணைக்குழு அவ்வளவு தூரம் போகவில்லை. 2023 ஜூனில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டல்களில் அது நிலைபேற்று இணக்கங்களுக்கு மீண்டும் ஓர் அத்தியாயம் கொடுத்தது. பொது நன்மையையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் நன்மை பெறுவோரும் பொருளை வாங்குவோரும் கணிசமான அளவு ஒரே ஆட்களாக இருக்க வேண்டும்.

இதை விளக்க அந்த அத்தியாயமே உதாரணங்கள் தருகிறது. மாசு குறைந்த எரிபொருளை வாங்கும் சாரதிகள் அதே ஊரின் காற்றையும் சுவாசிக்கிறார்கள், ஆகவே அது சேரும். இன்னொன்று பருத்தி. இரசாயனமும் நீரும் குறைவாகப் பாவித்து விளைந்த பருத்தியில் செய்த ஆடையை ஐரோப்பியர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நஞ்சு குறைவது பருத்தி விளையும் நிலத்தில், அங்கே வாழ்கிறவர்களுக்கு. அந்தச் சட்டையை வாங்குகிறவர்கள் அவர்கள் அல்லர். ஆகவே அந்த நன்மை பொது நன்மைக் கணக்கில் ஏறுவது கடினம். ஐரோப்பிய வாடிக்கையாளர் அதற்கென்று கூடுதல் விலை கொடுக்க மனம் வைத்தால், அந்த மனம் கணக்கில் ஏறும்.