பாட்டில்லாப் படம்

ஒரு படத்தைப் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் கொட்டகை வாயிலிலேயே எழுதப்பட்டுவிடுகின்றது. காட்சி முடிந்து வெளிவருவோர் அயலாருக்குச் சொல்லும் இரண்டொரு சொற்கள் போதும். 1954-ஆம் ஆண்டு ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்' இதற்குத் தக்க சான்று.

1943-இல் சென்னையில் யப்பானியர் குண்டு வீசிய வேளையில் வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகின்றான். ஐயத்துக்குள்ளானோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை கூறுகின்றனர். பாட்டில்லை, ஆட்டமில்லை, சண்டையுமில்லை. இயக்கிய எஸ். பாலசந்தரோ வீணை வித்துவான்! இசைவாணர் ஒருவரே இசைப்பாடலை விலக்கியமை வியப்பேயாம்.

பாட்டுக்கெனவே படம் பார்த்துப் பழகிய மக்கள் ஏமாற்றமடைந்தனர். காசு கொடுத்தவர் எதிர்பார்த்ததைக் குறைகூறவும் இயலாது. ஆயினும் இந்திய அரசின் திரைப்பட விருதுக் குழு அதற்கு நற்சான்றிதழ் வழங்கிற்று.

பல்லாண்டுகளின் பின் தொலைக்காட்சி வந்தது. பாட்டை எதிர்பார்த்து முணுமுணுக்கும் கூட்டம் வீட்டில் இல்லை. கொட்டகையிற் குறையெனப்பட்டதே அங்கு சிறப்பாயிற்று. முன்னரே பார்த்த ஒருவர் கொலையாளியின் பெயரை உளறிவிடாதபடி தடுப்பதுதான் வீட்டாருக்குப் பெரும்பாடு.