பிள்ளைக்காக எழுந்து நிற்பவர்

நீதிமன்றம் பெரியோர் தமக்கென அமைத்துக்கொண்ட இடம். வாதி, பிரதிவாதி, வழக்கறிஞர், நீதிபதி ஆகிய அனைவரும் அங்கே பேசத் தெரிந்தவர்கள். பேசத் தெரியாத, பேசினாலும் கேட்பாரற்ற ஒரு பிள்ளையின் வாழ்வு அம்மன்றத்தில் முடிவு செய்யப்படும்போது அப்பிள்ளைக்காக எழுந்து நிற்பவர் யார்? அமெரிக்க நாட்டில் இவ்வினாவிற்கு விடை தேடப்பட்ட வரலாறு, பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் நம்மனோர் அறிய வேண்டிய ஒன்றாகும்.

1874ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் மேரி எல்லன் என்னும் ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுமி தன்னை வளர்த்த பெண்மணியின் கொடுமைக்கு ஆளாகியிருந்தாள். எட்டா வீலர் என்னும் தொண்டுள்ளம் படைத்த அம்மையார், வேறு வழி காணாமல், விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் என்பாரை அணுகினார். அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி நீதிமன்றத்தை நாடிச் சிறுமியை மீட்டார். சிறுமியும் ஒரு விலங்கே என்று வாதாடி விலங்குச் சட்டத்தின்கீழ் அவளைக் காப்பாற்றினர் என மேடைகளில் கூறப்படுவதுண்டு. கேட்கச் சுவையான கதைதான், உண்மையன்று. ஆட்கொணர்வு முறையைச் சார்ந்த ஆணை ஒன்றினாலேயே அவள் மன்றத்திற்குக் கொணரப்பட்டாள்.

1899இல் சிக்காகோ நகரில் சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் தோன்றியது. நீதிபதியே தந்தையின் நிலையிலிருந்து பிள்ளையின் நலம் காண்பார் என்பது அதன் அடிப்படைக் கருத்து. (நம் மலேசியாவிலும் 1947ஆம் ஆண்டுச் சிறார் நீதிமன்றச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமும் மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரண்டு ஆலோசகர்களை அமர வைத்தன.) தந்தையே நீதிபதியாக இருக்கையில் பிள்ளைக்கு வழக்கறிஞர் எதற்கு என்று எண்ணினர் போலும். நல்லெண்ணத்தில் பிறந்த அவ்வேற்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1964ஆம் ஆண்டு காட்டியது.

அவ்வாண்டு ஜூன் 8ஆம் நாள், அரிசோனா மாநிலத்தில், ஜெரால்டு கால்ட் என்னும் 15 வயதுச் சிறுவன், அண்டை வீட்டு மாதிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடித்துச் செல்லப்பட்டான். வேலைக்குச் சென்றிருந்த பெற்றோருக்கு எவரும் தகவல் சொல்லவில்லை. மாலையில் வீடு திரும்பிய தாய், மூத்த மகனை அனுப்பித் தேடச் செய்தே உண்மையை அறிந்தார். விசாரணையில் குற்றம் சாட்டிய மாது ஒருமுறையேனும் தோன்றவில்லை. சாட்சியம் எழுத்தில் பதியப்படவில்லை. சிறுவனுக்காகப் பேச வழக்கறிஞர் இல்லை. முடிவில், 21 வயது நிறையும்வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்குமாறு தீர்ப்பாயிற்று. வயது வந்த ஒருவர் இதே குற்றத்தைச் செய்திருப்பின் 5 முதல் 50 டாலர்வரை அபராதம், அல்லது இரண்டு மாதத்திற்கு மிகாத சிறை! பெரியவருக்கு இரண்டு மாதம், பிள்ளைக்கு ஆறாண்டு. தந்தையுள்ளம் கொண்ட மன்றம் அளித்த பரிசு அது.

1967 மே 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. நீதிபதி ஏப் ஃபோர்ட்டாஸ் வரைந்த அத்தீர்ப்பின் பயனாய்க் குற்றம் சாட்டப்பட்டுத் தடுப்புக் காவலை எதிர்நோக்கும் பிள்ளைகளுக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கிட்டியது.

ஆயின், குற்றம் இழைக்காத, குற்றத்திற்கு இரையான பிள்ளைகளின் நிலை என்ன? டென்வர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவர்தம் துணைவரும் 1962இல் எழுதிய கட்டுரை, வீட்டிலேயே அடித்து நொறுக்கப்படும் குழந்தைகளை மருத்துவ உலகின் கண்முன் நிறுத்தியது. அதன்பின் எழுந்த இயக்கத்தின் விளைவாக 1974இல் நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றியது. கொடுமைக்கு ஆளான பிள்ளையின் வழக்கு மன்றத்திற்கு வருமாயின், அப்பிள்ளைக்கு ஒரு வழக்குக் காப்பாளரை அமர்த்தும் மாநிலங்களுக்கே அச்சட்டத்தின்வழி மானியம் கிடைக்கும். வழக்கு முடியும்வரை பிள்ளையின் நலனுக்காக நிற்பவரே வழக்குக் காப்பாளர்.

ஆள் கிடைத்தார். ஆனால் அவர் எத்தகையவராக இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. சட்டக்கல்லூரியில் ஒப்பந்தமும் சொத்துரிமையும் படித்து வந்த இளைஞர் ஒருவர், அன்று காலையில் கோப்பைப் பெற்று, பிள்ளையை ஒருமுறையும் காணாமலே அதன் நலம் இன்னதென்று எழுந்து பேச இயலும். பயிற்சி பெறாத ஒருவரை முதல் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன நேரும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இக்குறையை உணர்ந்தோர் 1977இல் இரு வேறு வழிகளில் முயன்றனர். சியாட்டல் நகர நீதிபதி டேவிட் சூக்கப், போதிய செய்தி அறியாமலே பிள்ளைகளின் வாழ்வை முடிவு செய்ய நேர்வதை எண்ணி வருந்தி, பொதுமக்களிலிருந்து தன்னார்வலரைத் தேர்ந்து பயிற்றுவித்தார். முதலாண்டில் 110 தன்னார்வலர் 498 பிள்ளைகளுக்குத் துணை நின்றனர். அதே ஆண்டில் டென்வரில், பிள்ளைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர்களுக்கென ஒரு தேசியச் சங்கம் உருவாயிற்று. பயிற்சி மாநாடுகளும் கைந்நூல்களும் பிற்காலத்தில் சிறப்புச் சான்றிதழும் அதன் பணிகளாயின. வழக்கறிஞர் ஒருவர் தனிமையில் தடுமாறாமல், முன்னோர் கற்றதைத் தாமும் கற்க ஓரிடம் ஏற்பட்டது. இதனை நான் சட்டத்திற்கு நிகரான சாதனையாகவே கருதுகிறேன்.

கற்பதற்கு அத்துறையில் என்ன இருக்கிறது எனலாம். ஒன்றை மட்டும் காண்போம். அடித்த தாயிடமே மீண்டும் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை அழுகிறது. வழக்கறிஞர் பிள்ளையின் விருப்பத்தை மன்றத்தில் வைப்பதா, பிள்ளைக்கு நலமெனத் தாம் கருதுவதை வைப்பதா? அமெரிக்க வழக்கறிஞர் கழகம் 1996இல் வகுத்த நெறிகள் பிள்ளையின் விருப்பத்திற்கே பெரிதும் இடமளித்தன. வேறு பலரோ, ஏழு வயதுப் பிள்ளையின் சொல்லைக் கட்டளையாகக் கொள்ளலாகாது என்றனர். இன்றும் மாநிலத்திற்கு மாநிலம் வழக்கம் வேறுபடுகிறது. இருதரப்பிலும் நியாயம் உண்டெனினும், பிள்ளையின் சொல்லை மன்றம் கேட்காமலே விடுவதற்கு எத்தரப்பும் இடந்தருதல் ஆகாது என்பதே என் துணிபு.

காப்பாளருக்குத் தக்க பயிற்சி வேண்டும் என்னும் நிபந்தனை 2003ஆம் ஆண்டில்தான் நடுவண் சட்டத்தில் ஏறியது. ஒரு சொற்றொடரைச் சேர்க்க 29 ஆண்டுகள்!

பயிற்சியொடு நேரமும் வேண்டும். ஜார்ஜியா மாநில வளர்ப்புப் பிள்ளைகள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், ஃபுல்ட்டன் வட்டாரத்தில் ஒரே வழக்கறிஞர் 400க்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாங்கி நின்றது வெளிப்பட்டது. டென்வரில் தோன்றிய சங்கம் வகுத்திருந்த உச்ச அளவோ 100. நானூறு பெயர்களை நினைவில் வைத்திருக்கவே அரும்பாடுபட வேண்டும். நானூறு வீடுகளுக்குச் செல்வது எங்ஙனம்? 2005இல் நடுவண் நீதிமன்றம், அப்பிள்ளைகளுக்கு வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டெனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கறிஞர் பெயரளவில் நில்லாமல் செம்மையாகப் பணியாற்றக் கூடியவராக இருத்தல் வேண்டும் என்பதே வழக்கின் உயிர்நிலையாயிற்று. இவ்வுரிமையை நாடு முழுமைக்கும் உரியதென உச்ச நீதிமன்றம் இதுவரை அறிவித்ததில்லை. 2019 முதல், தகுதியுள்ள பிள்ளைகளுக்கான வழக்கறிஞர் செலவில் ஒரு பகுதியை நடுவண் நிதியிலிருந்து மாநிலங்கள் பெற்றுக்கொள்ள வழி திறக்கப்பட்டுள்ளது.