வில்லும் பருவகாலமும்

திருமாலின் கையிலுள்ள வில்லுக்குச் சார்ங்கம் என்று பெயர். சார்ங்கபாணி என்று பிள்ளைகளுக்கு ஆசையோடு பெயரும் வைக்கிறோம். ஆயினும் அச்சொல்லின் பொருளை நின்று எண்ணுவோர் சிலரே. சிருங்கம் என்பது கொம்பு. சார்ங்கம் என்பது கொம்பினால் ஆயது. மரத்தால் வில் செய்வர், மூங்கிலாலும் செய்வர் என்பதை எவரும் அறிவர். கொம்பினால் வில் செய்வது எங்ஙனம்?

இக்கேள்வி என் மனத்தில் எழுந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1192ஆம் ஆண்டில் தராயின் களத்தில் பிருதிவிராசன் தோற்ற வரலாற்றைப் பள்ளியிற் படித்தபோது, துருக்கியக் குதிரைவீரர் கொம்புவில் வைத்திருந்தனர், இந்தியரோ மூங்கில் வில்லைத் தவிர வேறொன்றும் அறியாதவர் என்று சொல்லக் கேட்டேன். அன்று மறுத்துரைக்க எனக்கு வகை தெரியவில்லை. மனம் மட்டும் ஒப்பவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியபோது, அக்கூற்றில் விடுபட்டுப்போன ஒன்று உண்டெனக் கண்டேன். அதுதான் பருவநிலை.

வில்லை வளைக்கும்போது அது இருவகை இன்னலுக்கு ஆளாகின்றது. இலக்கை நோக்கிய புறம் இழுபடும்; அதனை வில்லின் முதுகு என்பர். வில்லாளியை நோக்கிய வயிற்றுப்புறம் நெருக்குண்ணும். ஒரே மரம் இரண்டையும் தாங்கவேண்டுமாயின் வில் நீண்டதாய் இருத்தல் வேண்டும். குதிரைமேல் இருப்பவனுக்கோ நீண்ட வில் பெரும் இடைஞ்சல். ஆகவே ஆசியப் புல்வெளிகளில் வாழ்ந்த மக்கள் மெல்லிய மரத்தை நடுவில் வைத்து, வயிற்றுப்புறத்திற் கொம்புத் தகட்டையும் முதுகுப்புறத்தில் விலங்கின் தசைநாரையும் ஒட்டினர். நெருக்குதலைக் கொம்பு தாங்கும். இழுவையை நார் தாங்கும். வில் குறுகியது, வலிமையோ பெரியது. இவை யாவற்றையும் பிணைத்து வைப்பது எது? தோல், நார், மீனின் காற்றுப்பை முதலியவற்றைக் காய்ச்சி எடுத்த வச்சிரமே.

வினை இங்கேதான் இருக்கின்றது. வச்சிரம் ஈரத்தை உறிஞ்சி இளகுவது. நாரும் அத்தகையதே. கோயில் திருவிழாவிற் பறைமேளக்காரர் நெருப்பு மூட்டி மேளத்தின் தோலைக் காய்ச்சுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஈரத்தில் தோல் தளர்கிறது, காய்ந்தால் இறுகுகிறது. கொம்புவில்லின் முதுகில் ஒட்டிய நாருக்கும் இதுவே விதி. வறண்ட காற்றில் நார் இறுகி வில் வலுப்பெறும். அளவு மீறி உலர்ந்தாற் கொம்பு வெடிக்கவும் கூடும். ஈரக் காற்றிலோ வில் சோர்ந்து, முறுக்கிக்கொண்டு, ஈற்றில் ஒட்டுவிட்டுப் பிரியும். வில்லின்மேல் பூர்ச்சமரப் பட்டையும் அரக்கும் போர்த்தது அழகுக்காக மட்டுமன்று.

எனவே கொம்புவில்லுக்கு வெப்பமே பகையென்று எண்ணுதல் தவறு. வறண்ட வெப்பத்தை அது பெரும்பாலும் தாங்கும். வறண்ட குளிரையும் தாங்கும். மொங்கோலியர் 1237, 1238ஆம் ஆண்டுகளின் உறைபனிக் காலத்திலேயே உருசிய நகரங்கள்மேற் பாய்ந்தனர். ஆறுகள் உறைந்து பாதையானமை அவர்களுக்கு முதல் வசதி. வில்லுக்கும் அக்காலம் தீங்கு செய்யவில்லை. வெப்பமும் ஈரமும் கைகோத்து வரும் நாடே கொம்புவில்லுக்குக் கூற்றுவன்.

தனிமர வில்லின் கதை வேறு. வெயிலிற் சூடேறினால் மரம் இளகி, அம்பின் வேகம் குறையும். கடுங்குளிரில் மரம் விறைத்துவிடும். அப்போது திடீரென இழுத்தால் முறியும். ஆங்கிலேயர் இதை நன்கு அறிந்திருந்தனர். ரொஜர் அஸ்கம் என்பார் 1545இல் வெளியிட்ட 'தொக்சோபிலசு' என்னும் நூலில், மெழுகிட்ட துணியால் வில்லை நாடோறும் பளபளக்கத் தேய்க்கவேண்டும் என்று, குழந்தையை வளர்க்கும் தாய்க்குச் சொல்வதுபோலச் சொல்கின்றார். 1346இல் கிறெசிப் போருக்கு முன் பெய்த மழையில் ஆங்கில வில்லாளிகள் நாணைக் கழற்றித் தலைக்கவசத்தினுள்ளே வைத்துக் காத்தனர் என்றும் ஒரு பழைய நிகழ்ச்சிக் குறிப்பு உண்டு.

இந்தியாவின் ஈரத்தைப் பற்றி நேரிற் பட்டறிந்து எழுதியவர் பாபர். வறண்ட நடு ஆசியாவிற் பிறந்து, 1526இற் பானிப்பட்டில் வென்று தில்லியைக் கைக்கொண்ட அவர், தம் தினக்குறிப்பில் இந்துஸ்தானத்தின் நிறைகுறைகளை ஒளிவுமறைவின்றி வரைகின்றார். மழைக்காலக் காற்று மிக இனியது என்று புகழ்ந்துவிட்டு, அதன் குறையையும் உடனே சொல்லுகின்றார். தம் நாட்டு வில் இங்கே ஒரு மழைக்காலத்தைக் கழித்தால், பின் இழுப்பதற்கும் உதவாது கெட்டொழியுமாம். வில் மட்டுமன்று, கவசம், புத்தகம், துணி, பாத்திரம் யாவும் கெடுமாம், வீடுங்கூட நெடுநாள் நில்லாதாம். மாரி காலத்தில் எங்கள் வீட்டுப் புத்தக அலுமாரியைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் நான் பாபருடன் முற்றும் உடன்படுகிறேன்.

சீனர் இத்துறையில் எல்லோருக்கும் மூத்தவர். 'கௌகுங்சி' என்னும் அவர்களது பழைய கைவினை நூல், வில் செய்யும் வேலையைப் பருவங்களுக்கே பங்கிட்டு வைத்திருக்கின்றது. மாரியில் மரத்தைப் பிளத்தல், வேனிலின் தொடக்கத்திற் கொம்பை ஊறவைத்தல், கோடையில் நாரைப் பதப்படுத்தல், இலையுதிர் காலத்தில் மூன்றையும் ஒட்டுதல், மீண்டும் குளிர் வந்தபின் வடிவத்தை நிலைநிறுத்தல் என்பது அதன் முறை. பருவத்தோடு போரிடாமல் பருவத்தையே வேலைக்காரனாக்கிக்கொண்ட திறமை இது.

அதனினும் என்னைக் கவர்ந்தது சுங் யிங்-சிங் என்பார் 1637இல் வெளியிட்ட 'தியென்குங் கைவூ' என்னும் நூல். உழவு, நெசவு, உப்பு, இரும்பு என்று கண்ட தொழில்களையெல்லாம் படத்துடன் விளக்கும் அந்நூலில் வில்லுக்கும் இடமுண்டு. பூஞ்சணம் பிடிக்கும் ஈரப்பருவம் தெற்கிலே தொடங்கி, மாதம் மாதமாக வடக்கே நகர்வதை அவர் இடவாரியாகக் குறிக்கின்றார். படைத்தலைவர் வீடுகளில் வில்லுக்கென்றே உலர்த்தும் பெட்டகம் வைத்து, நாடோறும் அதன் கீழே கரிநெருப்பு இடுவார்களாம். சாதாரணச் சிப்பாய்க்குப் பெட்டகம் ஏது? அவன் தன் வில்லைச் சமையலடுப்பின் புகைபோக்கிக்கு மேலே வைத்துக்கொள்வானாம். சிறிது சோம்பியிருந்தாலும் வில் உளுத்துப் பிரிந்துவிடும் என்கிறார்.

இதன்பின் அவர் எழுதியிருக்கும் சிறு குறிப்பு ஒன்றைப் படித்து நான் நெடுநேரம் யோசித்ததுண்டு. அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் தென்மாகாணங்களுக்கு வில் செய்து வடக்கே அனுப்புமாறு கட்டளையிட்டதாம். அனுப்பிய விற்கள் தொகுதி தொகுதியாகத் திருப்பி அனுப்பப்பட்டனவாம். நெருப்பை விட்டு நீங்கியதனால் அவை கெட்டன என்பதை ஒருவரும் அறியவில்லை. அறிந்து அரசனுக்கு விண்ணப்பித்தவரும் இல்லை. அடுப்பங்கரையில் வில்லைக் காத்த சிப்பாய்க்குத் தெரிந்தது கட்டளை எழுதிய கைக்குத் தெரியவில்லை! வடக்கே மஞ்சூரியர் நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஏழே ஆண்டுகளில், 1644இல், மிங் அரசு வீழ்ந்தது. அது வீழ்ந்தது வில்லினால் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பஞ்சமும் உட்கலகமும் வேறு பலவும் காரணம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இந்தியர் கொம்புவில்லை அறியாதவரா? அர்த்தசாத்திரத்தைப் பாருங்கள். அந்நூலின் காலம் பற்றி அறிஞர் மாறுபடுவர். எப்படிப் பார்த்தாலும் தராயின் போருக்குப் பல நூற்றாண்டு முற்பட்டது. அதில் ஆயுதச்சாலை பற்றிய பகுதி நால்வகை வில்லைக் கூறுகின்றது: பனை, மூங்கில், மரம், கொம்பு. கொம்பினாலானதற்கு அங்கும் சார்ங்கம் என்பதே பெயர். நாணுக்கு எருக்கு, சணல், மூங்கில், நரம்பு முதலியன கூறப்படுகின்றன. (பனையால் வில் செய்யலாம் என்பதை யாழ்ப்பாணத்தார் யாரும் எனக்குச் சொல்லவில்லை, கௌடிலியர் சொல்லித்தான் அறிந்தேன்.)

ஆகவே இந்தியர் கொம்புவில்லை அறிந்தே இருந்தனர். மழைநாட்டிலே பெரும் காலாட்படைக்கு ஆயிரக்கணக்கான வில் வேண்டும்போது, ஈரத்திற்கு அவ்வளவாக அஞ்சாததும் மலிந்து கிடைப்பதுமான மூங்கிலை நாடியது அறியாமை ஆகாது. அதற்கும் குறை உண்டு. இந்திய வில் ஆள் உயரமானது, ஒரு முனையை நிலத்தில் ஊன்றி இடக்காலால் அழுத்தி எய்வர் என்று அரியன் எழுதுகின்றார். கி.மு. 326இல் சீலம் ஆற்றங்கரையிற் போரசு அலெக்சாந்தரை எதிர்த்தபோது, மழையில் நிலம் வழுக்கி வில்லை ஊன்ற முடியவில்லை என்பது கூர்த்தியசு தரும் செய்தி. அங்கே மழை கெடுத்தது வில்லை அன்று, வில் நின்ற நிலத்தை.

பருவநிலைதான் எல்லாவற்றிற்கும் காரணம் என்று வாதிடவும் என்னால் இயலாது. பாபரின் வழிவந்த மொகலாயர் அதே மழைநாட்டில் பல தலைமுறை கொம்புவில்லையே ஏந்தினர். அதற்குப் பணமும் ஆளும் பராமரிப்பும் அவர்களிடம் இருந்தன. தராயினில் வெற்றியைத் தீர்மானித்ததும் வில்லின் பொருளைவிட, விரைந்து வந்து எய்து விலகும் குதிரைப்படையின் முறையே என்பது என் எண்ணம்.

பின்னாளில் இந்தியக் கொல்லர் உருக்கினாலேயே வில் செய்தனர். அம்பை எய்யும் ஆற்றலில் அது கொம்புவில்லுக்கு ஈடாகாது. ஆயினும் வச்சிரமும் நாரும் இல்லாமையால், ஆயுதச்சாலையில் ஆண்டுக்கணக்காகத் தொங்கவிட்டாலும் ஒட்டுவிட்டுப் பிரியாது. பொன்வேலை செய்த அத்தகைய விற்களை இன்றும் அரும்பொருட்சாலைகளிற் காணலாம். துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசவேண்டியதுதான் அதற்குரிய தொல்லை. அர்த்தசாத்திரம் ஆயுதச்சாலைத் தலைவனுக்கு விதித்த வேலையும் இவ்வகையானதே: படைக்கலங்களை அடிக்கடி இடம் மாற்றி வைக்கவேண்டும், வெயிலும் காற்றும் படச்செய்யவேண்டும், வெப்பத்தாலோ ஈரத்தாலோ பூச்சியாலோ பழுதுபடுவனவற்றை வேறு வகையாக வைக்கவேண்டும்.