காணாத புண்

புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். போரிற் புண்பட்டவன் உள்ளே கிடக்கிறான். மனையில் வேப்பிலை செருகுகிறார்கள், யாழ் ஒலிக்கிறது, வெண்சிறுகடுகைத் தூவி, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பிப் பெண்கள் அவனைக் காக்கிறார்கள். புண்பட்டவனைப் பேய் தீண்டாது மனைவி காப்பதற்குத் தொல்காப்பியரும் காஞ்சித் திணையில் ஒரு துறை வகுத்தார். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. போர்க்களத்தினின்று மீண்டவனை இரவிலே தனியே விடலாகாது என்ற பட்டறிவும் அதனுள் அடங்கியிருந்ததென்றே நாம் கொள்கிறோம்.

ஆயினும் சான்றோர் போற்றியது மார்பில் ஏற்ற விழுப்புண்ணையே. நெஞ்சினுள் நேர்ந்த புண்ணுக்கு அங்கே பெயரில்லை.

பெயரிட்டவர்களும் அதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1915இல் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற உளவியலறிஞர் 'எறிகணை அதிர்ச்சி' பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அதே போரில், கோழைகள் என்றும் களத்தைவிட்டு ஓடியவர்கள் என்றும் பிரித்தானியப் படை தன் வீரர்களையே சுட்டுக் கொன்றது. அவ்வாறு கொல்லப்பட்டோரில் 306 பேருக்கு அந்நாடு மன்னிப்பு வழங்கியது 2006ஆம் ஆண்டில்! வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களோ அரசின் கருணைக்காகக் காத்திருக்கவில்லை. 1970இல் நியூயோர்க்கில் அவர்கள் ஒன்றுகூடித் தம் கதையைத் தாமே பேசத் தொடங்கினர். லிஃப்டன், ஷாட்டன் என்னும் உளமருத்துவர் இருவர் தொண்டர்களாக அவர்களுடன் அமர்ந்தனர். பத்தாண்டு வாதாட்டத்தின் பின்னர், 1980இல், 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இடம்பெற்றது. புண்பட்டவர்கள் வாய் திறந்து கேட்டார்கள், கேட்டதனாற் கிடைத்தது.

இலங்கைப் படைவீரரின் மனநோவு பற்றி நூலெழுதிய மருத்துவர் ருவன் ஜயதுங்க, அதன் தலைப்பிலேயே நமது பலாலியின் பெயரைச் சேர்த்தார். நமக்குப் பிறந்த மண்ணாகிய குடாநாடு, தெற்கின் ஏழைக் குடியானவன் மகனுக்குக் கொடுங்கனவாயிற்று. அவனுடைய துயரத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் 1987இல் 'சாந்திகம்' தொடங்கிற்று. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற தமிழ் நூலை எழுதினார். ஆசிரியர்களையும் கிராமத் தொண்டர்களையும் உளநலப் பணிக்குப் பயிற்றுவிக்கும் முயற்சியும் நடந்தது. உளமருத்துவர் மிகச் சிலராயிருந்த நாட்டில் வேறு வழி ஏது?

ஆனால் தீவகத்துக்குக் கடல் ஒரு தடை. ஊர்காவற்றுறைக்குத் தரைவழியுண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிற் படகேற வேண்டும். அக்கடலிலேதான் 1985 மே 15இல் குமுதினிப் படகுப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். மக்கள் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளிற் பிடிக்கப்பட்ட இளைஞர் பலர் மீளவில்லை.

2009 மேயில் போர் முடிந்தபின் முன்னாட் போராளிகள் ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். விரும்பி ஆயுதமேந்தியோர் அவர்களுட் பலர். வலிந்து பிடிக்கப்பட்ட சிறுவரும் இருந்தனர். தச்சுவேலையும் தையலும் கற்று அவர்கள் ஊர் திரும்பினார்கள். பெண்களின் நிலை இன்னும் கொடிது. போரிலே அவர்களைப் புகழ்ந்த ஊரே, திருமணப் பேச்சில் அவர்களைத் தவிர்த்தது.

நியூயோர்க் வீரன் தன் பெயரைச் சொல்லிப் பேசினான். இவர்களுக்கோ, 'நான் போராளி. எனக்கு நித்திரை வருவதில்லை' என்று சொல்வதே மீண்டும் விசாரணையாளரை வாசலுக்கு அழைப்பதாக முடியலாம். ஆகவே இவர்களுக்காகப் பிறர் கேட்க வேண்டியிருக்கிறது. நெடுந்தீவுக்கு உளவளத்துணையாளர் குறித்த நாளில் தவறாது வரவேண்டும். நோயாளி சொல்வது எந்தப் பாதுகாப்புப் பிரிவின் கோப்புக்கும் போகலாகாது. இவ்விரண்டையும் எழுத்தில் கேட்க ஓர் ஆசிரியர் சங்கம் போதும்.

சென்ற தவணையில் எமது மாணவன் ஒருவன் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தான். காரணம் கேட்டோம். "அப்பா விளக்கை அணைக்கவிடுறார், சேர், ஆனால் கதவைப் பூட்டவிடமாட்டார். விடியும்வரை வாசலிலை இருப்பார். நானும் கூட இருந்தனான்" என்றான். அன்று அவனைத் தண்டிக்கவில்லை. அதற்குமேல் என்ன செய்வதென்று எமக்குத் தெரிந்திருக்கவுமில்லை.