அட்சய வருஷம் எது?

1736 செப்டம்பர் 6ஆம் தேதி ஒரு நாட்குறிப்பின் தாள்களில் முதல் வரி விழுந்தது. எழுதியவர் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அப்போது 27 வயது. பின்னாளில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, பேரெடுத்தவர், அன்றைக்குப் புதுச்சேரியில் ஒரு வியாபாரி. காதால் கேட்பதையும், கண்ணால் பார்ப்பதையும், கப்பல் வருவதையும் போவதையும் எழுதி வைக்கப் போவதாகச் சொல்லித்தான் தொடங்குகிறார். கேட்டது வேறு, பார்த்தது வேறு என்ற அந்தப் பிரிவினை முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு இந்தத் தாள்களைக் கையில் எடுத்த பலர் அதை மறந்துபோனார்கள்.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு மேல், நடுநடுவே விடுபட்டு, எழுத்து ஓடியது. 1761 ஜனவரியில் பிள்ளை காலமானார். சில நாளிலேயே நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1738இல் கட்டிய பிள்ளையின் வீடு ரங்கப்பிள்ளை வீதிக்காரர்களுக்கு இன்றும் தெரிந்த வீடு. தாள்கள் வாரிசுகளிடம் கிடந்தன. 1846இல் கலுவா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டுபிடித்துப் படியெடுத்தார். எதுவார் ஆரியேல் எடுத்த இன்னொரு படி பாரீசின் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1892 வாக்கில் சென்னை அரசு விழித்துக்கொண்டு தனக்கொரு படி எடுக்க ஏற்பாடு செய்தது. அதிலிருந்து 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகள் வந்தன; பிரைஸ், ரங்காச்சாரி, டாட்வெல் ஆகியோர் பதிப்பாசிரியர்கள். தமிழில் அச்சேறத் தொடங்கியது 1948இல்தான். தமிழன் எழுதியதை உலகம் ஆங்கிலத்தில் படித்து முடித்து இருபது ஆண்டுகள் கழித்து! பிரபஞ்சனின் நாவல்கள் வழியாகத்தான் பலருக்குப் பிள்ளையே அறிமுகமானார்.

இப்போது அந்தத் தாள்களுக்கு அடுத்த பயணம் வாய்த்திருக்கிறது. பழைய ஆவணங்களை மொழி மாதிரி என்ற செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கொடுத்து, ஆள், ஊர், நிகழ்வு எனப் பிரித்தெடுத்து, எது எதோடு தொடர்புடையது என்று கோடு போட்டு இணைக்கும் வேலை உலகெங்கும் நடக்கிறது. அதற்கு அறிவு வரைபடம் என்று பெயர். ஆளையும் ஊரையும் பிடிப்பது ஓரளவு எளிது. நிகழ்வுதான் நழுவும். ஒரு போர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? இரண்டு பக்கங்களில் வருவது ஒரே சண்டையா, இரண்டா? பிள்ளையின் தாள்களைப்போல இந்தக் கேள்வியைச் சோதிக்கும் ஆவணம் குறைவு.

முதல் சிக்கல் தேதி. பிள்ளை தமிழ் வருஷம், மாதம், தேதி போட்டு எழுதுகிறார். சென்னைப்பட்டணத்தைப் பிரெஞ்சுத் தளபதி லபோர்தொன்னே பிடித்தது அட்சய வருஷம் புரட்டாசியில். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அட்சய 1746இலும் வரும், 1806இலும் வரும். வேலூர்க் கிளர்ச்சி நடந்ததும் அட்சயவில்தான். தனித் தாளொன்றைப் படிக்கும் இயந்திரத்துக்கு எந்த அட்சய என்று யார் சொல்வது? முன்னும் பின்னும் உள்ள தாள்கள்தான் சொல்ல வேண்டும்.

வருஷம் பிடிபட்டாலும் பிரச்சினை தீரவில்லை. பிரெஞ்சுக்காரர் கிரிகோரியன் நாட்காட்டி வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் 1752 வரை ஜூலியனை விடவில்லை. இடைவெளி பதினொரு நாள். ஆகவே சென்னைப்பட்டணம் விழுந்தது பிரெஞ்சு ஏட்டில் 1746 செப்டம்பர் 21, ஆங்கில ஏட்டில் செப்டம்பர் 10. இரண்டையும் படிக்கும் மொழி மாதிரி, பதினொரு நாள் இடைவெளியில் ஒரே கோட்டையை இருமுறை விழவைத்துவிடும். திறந்த தரவுத்தளமான விக்கிதரவு ஒவ்வொரு தேதியோடும் அது எந்த நாட்காட்டி என்பதையும் சேர்த்தே பதிகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 'அட்சய, புரட்டாசி' என்று தாளில் உள்ளதையும் மாற்றாமல் அருகில் வைக்க வேண்டும் என்பேன். மாற்றியது தப்பென்று நாளை தெரிந்தால் திரும்பிப் பார்க்க மூலம் வேண்டாமா?

ஆள் விஷயத்திலும் ஒரு கண்ணி உண்டு. குறிப்பில் துரை, அதாவது கவர்னர், என்றால் 1741 வரை துய்மா, 1742 முதல் 1754 வரை துய்ப்ளேக்சு, அப்புறம் கொதே. பதவி அப்படியே இருக்க, ஆள் மாறிக்கொண்டே போகிறார்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேதபுரீஸ்வரர் கோயில். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் நகரை முற்றுகையிட்டிருந்த நாட்களில், பிரெஞ்சுக்காரர் அந்தக் கோயிலை இடித்தார்கள். பிள்ளை அதை விரிவாக, மனம் புழுங்கி எழுதியிருக்கிறார். அந்தக் கோயில் ஏசுசபையார் தேவாலயத்தின் பக்கத்தில், இன்றைய சம்பா கோயில் இருக்கும் பகுதியில் நின்றது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் இப்போதுள்ளது பின்னால் கட்டியது. பெயரை மட்டும் நம்பும் வரைபடம், இடிபட்ட கோயிலை இன்றைய கோயிலின் மேல் கொண்டுபோய் ஒட்டிவிடும். படத்தில் புள்ளி தவறான வீதியில் விழும். போதாக்குறைக்கு 1746 மார்ச்சிலேயே அந்தக் கோயிலுக்குள் அசுத்தம் வீசிய செய்தியும் குறிப்பில் வருகிறது. இடிப்பை ஒரு நாள் நிகழ்வாக வைப்பதா, இரண்டாண்டு நீண்ட தகராறின் முடிவாக வைப்பதா? அதை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. நானாக இருந்தால் இரண்டையும் தனித்தனியே பதிந்து, 'இது அதற்கு முந்தியது' என்ற கோட்டை மட்டும் போடுவேன். 'இதனால் அது' என்று போடமாட்டேன்.

இன்னொரு தொல்லை, மொழி மாதிரி இந்தக் கதையை முன்பே ஆங்கிலத்தில் படித்திருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளையின் தமிழோ பேச்சுத்தமிழ். பிரெஞ்சும் பாரசீகமும் போர்த்துகீசும் அதில் புரண்டோடும். அக்கால எழுத்தில் புள்ளி வைப்பது அரிது; துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மங்கிய இடத்தில் இயந்திரம் தாளைப் படிக்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிவிடலாம். மனப்பாடம் செய்த பையன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பதைப்போல. அதனால் ஒவ்வொரு நிகழ்வோடும் எந்தத் தாள், எந்த வரி என்ற சான்று ஒட்டியிருக்க வேண்டும். சான்று காட்டாத நிகழ்வு வரைபடத்துக்குள் வரக்கூடாது.

கேட்டது, பார்த்தது என்ற பழைய பிரிவினையையும் கூடவே கொண்டுபோக வேண்டும். அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பல் வர ஆறு மாதம்கூட ஆகும். 1748 அக்டோபரில் எக்ஸ் லா ஷப்பேலில் கையெழுத்தான சமாதானத்தின் செய்தி இங்கே எட்டியது தனி நிகழ்வு. குறிப்பு எழுதிய தேதியை நடந்த தேதியாக எடுத்துக்கொண்டால் பாதி வரலாறு பிந்திப்போகும். சந்தையில் கிளம்பிப் பொய்யாகிப்போன வதந்திகளும் குறிப்பில் நிறைய. அவை நடக்கவில்லை, ஆனால் பேசப்பட்டது நடந்தது. நகரத்தின் பயம் தெரிய வேண்டுமென்றால் அவற்றையும் தனி வகையாக உள்ளே வைத்தாக வேண்டும்.

பிள்ளையோடு எழுத்து நிற்கவில்லை. ரங்கப்பத் திருவேங்கடம் பிள்ளை 1761 முதல் 1768 வரையும், இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரையும் எழுதிய நாட்குறிப்புகள் இருக்கின்றன. அவற்றையும் இணைத்தால் 'புதுச்சேரி முற்றுகை' 1748, 1760–61, 1778 என்று மூன்று முறை வரும். முதல் முறை நகரம் தப்பியது, மற்ற இரண்டிலும் விழுந்தது. மூன்றுக்கும் மூன்று புள்ளிகள் வேண்டும். கையால் எழுதி வைத்த ஒரு சின்ன முற்றுகைப் பட்டியலை இயந்திரத்திடம் முதலிலேயே கொடுத்துவிடுவது நல்லது.